லெட்டா, நெட்டா? பக்கத்து கோர்ட் பந்தால் வந்த வழக்கு

பேக்ஹேண்ட்_பாலு | ஞாயிறு காலை 10:42

பெரியவர்களே, ஒரு பஞ்சாயத்து. இன்று காலை டென்னிஸ் டபுள்ஸ் ஆட்டம். நான் சர்வீஸ், 4-5, 30-40. அந்தப் பாயிண்ட் போனால் செட்டே போச்சு. ஒரு பாயிண்டுக்கு இரண்டு சர்வீஸ் வாய்ப்பு உண்டே, அதில் முதல் சர்வீஸ் நெட்டிலேயே மோதி ஃபால்ட். இரண்டாவதை மெதுவாகச் சுழற்றிப் போட்டேன், உள்ளே விழுந்தது. எதிரில் நின்ற மாமா திருப்பி அடித்தார். என் பார்ட்னர் பந்து தரையில் படும் முன்பே அடிக்கக் கையை நீட்டும்போது பக்கத்து கோர்ட்டிலிருந்து ஒரு பந்து உருண்டு அவர் காலடிக்கே வந்துவிட்டது. "லெட், லெட்", அதாவது இது செல்லாது, மறுபடி ஆடலாம் என்று எல்லாரும் நின்றோம். அதுவரை சண்டை இல்லை.

நான் இரண்டு பந்தை எடுத்துக்கொண்டு கோட்டுக்குப் போனால் மாமா ஒற்றை விரலைக் காட்டுகிறார். "தம்பி, லெட்டுக்கு அதே சர்வீஸ்தான். உனக்கு இருக்கிறது செகண்ட் சர்வீஸ்." வயதில் பெரியவர், என்ன பேசுவது? ஒரு பந்தோடு போனேன். அதுவும் தப்பி டபுள் ஃபால்ட். செட் போச்சு, ஆறு டீயும் இரண்டு தட்டு பஜ்ஜியும் என் தலையில். மாமா சொன்னது சரியா, தப்பா?

மூணாவது_செட் | காலை 10:58

மாமா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. டிவியில் டென்னிஸ் பார்ப்பீர்கள்தானே? இரண்டாவது சர்வீஸ் நெட்டில் உரசி உள்ளே விழுந்தால் நடுவர் "லெட், செகண்ட் சர்வீஸ்" என்பார். யாராவது முதல் சர்வீஸ் கேட்டு நீங்கள் பார்த்ததுண்டா? லெட் என்றால் கடைசியாகப் போட்ட சர்வீஸை மறுபடி போடு என்று அர்த்தம். பஜ்ஜி போனதுக்கு வருந்துகிறேன்.

ஓரக்கோடு | காலை 11:20

இல்லை. இரண்டு வேறு விஷயங்களை ஒரே சட்டியில் போட்டுக் கிளறுகிறீர்கள்.

சர்வதேச டென்னிஸ் சம்மேளனத்தின் விதிப் புத்தகத்தில் 22ஆம் விதி சர்வீஸ் லெட். சர்வீஸ் நெட்டையோ மேலே உள்ள வெள்ளைப் பட்டையையோ தொட்டு, மற்றபடி சரியாக விழுந்தால் லெட். எதிராளி தயாராக இல்லாதபோது போட்டாலும் லெட். அங்கே அந்த ஒரு சர்வீஸ் மட்டும்தான் கணக்கிலிருந்து போகும், முன்பு செய்த ஃபால்ட் அப்படியே நிற்கும். நீங்கள் டிவியில் பார்ப்பது இது.

அடுத்தது 23ஆம் விதி. இரண்டாவது சர்வீஸில் வந்த சர்வீஸ் லெட்டைத் தவிர, வேறு எப்போது லெட் சொன்னாலும் முழுப் பாயிண்டையும் திரும்ப ஆட வேண்டும். முழுப் பாயிண்ட் என்றால் முதல் சர்வீஸிலிருந்து. விதிக்குக் கீழே எடுத்துக்காட்டாகக் கொடுத்திருப்பதே பாலுவின் வழக்குதான்: ஆட்டம் நடக்கும்போது வேறொரு பந்து கோர்ட்டுக்குள் உருண்டு வருகிறது, சர்வ் செய்தவர் அதற்கு முன் ஒரு ஃபால்ட் போட்டிருக்கிறார், இப்போது அவருக்கு முதல் சர்வீஸா, இரண்டாவதா? முதல் சர்வீஸ். இதில் வாதாட ஒன்றுமே இல்லை.

பேக்ஹேண்ட்_பாலு | காலை 11:24

இதை அச்செடுத்து மாமா வீட்டுக் கதவிலேயே ஒட்டப் போகிறேன்.

மூணாவது_செட் | காலை 11:41

விதி அப்படி இருந்தால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குழப்பத்துக்குக் காரணம் அந்தப் பெயர். இரண்டுக்கும் ஏன் ஒரே சொல்? எங்கள் கிளப்பில் சர்வீஸ் உரசினால் "நெட்" என்போம். பந்து உருண்டு வந்தால் "லெட்" என்போம். எவ்வளவு தெளிவு பாருங்கள். என்னைக் கேட்டால் ஆதியில் இருந்ததே "நெட்"தான். யாரோ காதில் சரியாக விழாமல் "லெட்" ஆக்கிவிட்டார்கள். பிரெஞ்சில் வலைக்கு "ஃபிலே" என்று பெயர், அதை எழுத்துக்கூட்டிப் படித்தால் கடைசியில் "லெட்" வரும். டென்னிஸே பிரான்சிலிருந்து வந்த ஆட்டம். முடிச்சு அவிழ்ந்ததா?

சுவரோடு_மோது | மதியம் 12:15

நான் ஸ்குவாஷ்காரன். எங்கள் ஆட்டத்தில் நெட்டே கிடையாது. நாலு சுவர், ஒரு ரப்பர் பந்து, அதற்கு நடுவில் மூச்சு வாங்கும் இரண்டு பேர். ஆனாலும் ஒரு மேட்ச்சில் இருபது தடவை "லெட்" கேட்கும். நெட்டிலிருந்து பிறந்த சொல் என்றால் நெட் இல்லாத ஊரில் அது என்ன செய்கிறது?

2023 ஜூனில் ஸ்குவாஷ் உலகக் கோப்பை சென்னையில் நடந்ததே, எகிப்து ஜெயித்தது. கண்ணாடிக் கோர்ட்டை எக்ஸ்பிரஸ் அவென்யூ மாலுக்குள் போட்டிருந்தார்கள். ஷாப்பிங் வந்த கூட்டமெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தது. என் பக்கத்தில் நின்ற அக்கா, ஆட்டக்காரர் ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்கி "லெட் ப்ளீஸ்" என்றதும், "எதுக்கு இந்தப் பிள்ளை இப்படிக் கெஞ்சுது? ஆட விடுங்கன்னு கேக்குதா?" என்றார். ஒருவகையில் பார்த்தால் அதுவேதான். பந்தை அடிக்கப் போகிற வழியில் எதிராளியின் முதுகு நிற்கிறது. அடித்தால் ஆளுக்குப் படும். அதனால் ராக்கெட்டை நிறுத்திக்கொண்டு நடுவரைப் பார்க்கிறோம்.

நடுவர் மூன்றில் ஒன்றைச் சொல்வார். தடை இருந்தது, நீ பந்தைத் திருப்பியிருப்பாய், ஆனால் அதிலேயே ஜெயித்திருக்க மாட்டாய் என்றால் லெட், மறுபடி ஆடு. ஜெயிக்கிற அடி கையில் இருந்தது, அவர் நின்றுதான் கெடுத்தார் என்றால் ஸ்ட்ரோக், பாயிண்ட் உனக்கு. எப்படியும் எடுத்திருக்க மாட்டாய், சும்மா நடிக்கிறாய் என்றால் நோ லெட், பாயிண்ட் அவருக்கு. மூன்றாவது வரும்போது ஆட்டக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் விவாதத்தில் பாதி ஆட்டத்தைப் பற்றியே இருக்காது, இந்த மூன்று தீர்ப்பைப் பற்றித்தான்.

பத்திர_எழுத்து | மதியம் 1:30

விளையாட்டு எனக்கு அவ்வளவாகத் தெரியாது, மகன் ஆடுவான், நான் படிப்பதோடு சரி. ஆனால் இந்தச் சொல்லோடு முப்பது வருஷப் பழக்கம் உண்டு. கிரயப் பத்திரத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது "வித்தவுட் எனி லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்" என்று ஒரு வரி வரும். தமிழில் அந்த இடத்தில் "யாதொரு தடையும் இடையூறும் இன்றி ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று எழுதுவோம். தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கும் இடித்தது. வீட்டு வாசலில் டு-லெட் போர்டு தொங்குகிறது. அங்கே லெட் என்றால் விடுவது. பத்திரத்தில் லெட் என்றால் தடுப்பது. ஒரே சொல் விடவும் செய்யுமா, தடுக்கவும் செய்யுமா?

என் சீனியர் விளக்கினார். அது ஒரே சொல் இல்லை. பழைய ஆங்கிலத்தில் "லெட்டன்" என்று ஒன்று, தடு, தாமதப்படுத்து என்று பொருள். நாம் பேச்சில் போடும் "லேட்" அதற்குத்தான் பங்காளி. விடு, அனுமதி என்று பொருள்படும் "லேட்டன்" வேறு ஒன்று. நாளாவட்டத்தில் இரண்டும் தேய்ந்து ஒரே உருவமாகிவிட்டன. நம்மிடம் எண் ஆறும் ஓடும் ஆறும் இருப்பதுபோல. தடுக்கிற லெட் பேச்சிலிருந்து காணாமல் போய், சட்ட வாசகத்திலும் உங்கள் கோர்ட்டிலும் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நம்பாதவர்கள் பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுங்கள். குடியரசுத் தலைவர் பெயரால் கேட்டுக்கொள்ளும் வாசகம் ஒன்று இருக்கும். இதை வைத்திருப்பவரை "வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்" போக விடுங்கள் என்று. விசாவுக்கு நிற்கிற கூட்டத்தில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்?

பேக்ஹேண்ட்_பாலு | மதியம் 1:44

எடுத்துப் பார்த்தேன் ஐயா. இருக்கிறது! ஒன்பது வருஷமாக வைத்திருக்கிறேன், போட்டோ எவ்வளவு மோசம் என்பதைத் தவிர வேறு எதையும் அதில் நான் பார்த்ததில்லை.

மூணாவது_செட் | மதியம் 2:10

ஐயா, அருமையான தகவல், மறுக்கவில்லை. ஃபிலே கதையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், ஸ்குவாஷ் தம்பி கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் ஒன்று. சொல் எங்கே பிறந்தது என்பது வேறு, இன்று என்ன வேலை செய்கிறது என்பது வேறு. ஞாயிறு காலை ஆடுகிற நாலு பேருக்குப் பழைய ஆங்கிலம் எதற்கு? அவர்கள் "நெட்" என்கிறார்கள், எதிரில் இருப்பவருக்குப் புரிகிறது, பந்தைத் திருப்பித் தருகிறார். வேலை முடிந்தது. பத்துப் பேர் தப்பாகச் சொன்னால் தப்பு, பத்தாயிரம் பேர் சொன்னால் வழக்கு. பேருந்தை பஸ் என்றும் பஸ்ஸை வண்டி என்றும் சொல்லிக்கொண்டுதானே ஊர் போய்ச் சேருகிறோம்?

இறகுப்பந்து_வாத்தியார் | மதியம் 3:05

மூணாவது செட் சார், அந்த "நெட்" வழக்கால் நான் தினமும் படுகிற பாட்டைச் சொல்கிறேன், அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்கள்.

பிள்ளைகளுக்குப் பேட்மிண்டன் சொல்லித்தருகிறேன். பேட்மிண்டனில் சர்வீஸ் வலை உச்சியில் உள்ள டேப்பை உரசிக்கொண்டு உள்ளே விழுந்தால் அது நல்ல சர்வீஸ். ஆட்டம் தொடரும். லெட் கிடையாது. ஆனால் அபார்ட்மெண்ட் வாசலில் கயிறு கட்டி ஆடிவிட்டு வருகிற பிள்ளைகள் டேப்பில் "டிக்" என்று சத்தம் கேட்டதும் "நெட்!" என்று கத்திவிட்டு அப்படியே நிற்கும். கால் நகராது. போன வருஷம் ஒரு போட்டியில் என் மாணவி 19-19இல் இருந்தாள். எதிரில் போட்ட ஷார்ட் சர்வீஸ் டேப்பை வருடி இந்தப் பக்கம் சொட்டென்று விழுந்தது. இவள் ராக்கெட்டைக் கீழே இறக்கிவிட்டு நடுவரைப் பார்த்துச் சிரிக்கிறாள், திரும்பப் போடச் சொல்வார் என்று. அவர் 20-19 என்று அறிவித்தார். அந்தச் சிரிப்பு அடங்கியதை நான் சுவரோரம் நின்று பார்த்தேன். அடுத்த பாயிண்டிலும் அவள் மனசு அங்கே இல்லை.

வலையைத் தொட்டால் திரும்பப் போடு என்ற தப்பு "நெட்" என்ற பேரிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது. லெட் என்று சரியாகச் சொல்லித்தந்தால், ஏதாவது குறுக்கிட்டதா என்று பிள்ளை யோசிக்கும்.

எங்களிடமும் லெட் உண்டு, வேறு இடங்களில். சர்வீஸைத் திருப்பிய பிறகு ரேலியில், அதாவது மாறி மாறி அடித்துக்கொள்ளும்போது, இறகுப்பந்து வலை உச்சியில் தொங்கி நின்றுவிட்டால், அல்லது தாண்டிப் போய் அந்தப் பக்க வலையில் மாட்டிக்கொண்டால் லெட். அதே மாட்டல் சர்வீஸிலேயே நடந்தால் ஃபால்ட், லெட் இல்லை. அடிக்கிற அடியில் கார்க் தனியாக, இறகு தனியாகப் பிய்ந்து போனால் லெட். எதிராளி தயாராகும் முன் போட்டால் லெட். எதிர்த்தரப்புக் கோச் கத்திக் கவனத்தைக் கலைத்தால்கூட லெட், இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன், விவரம் வேண்டாம். பக்கத்து கோர்ட் ஷட்டில் வந்து விழுவதும் எதிர்பாராத குறுக்கீடு என்ற கணக்கில் லெட். எங்கள் ஆட்டத்தில் இரண்டாவது சர்வீஸே இல்லாததால் பாலு தம்பிக்கு வந்த சிக்கல் மட்டும் வராது.

டிடி_மேசை | மதியம் 3:22

டேபிள் டென்னிஸ் விதிகளில் இதற்கு ஒற்றை வரி விளக்கம் இருக்கிறது: முடிவு கணக்கில் சேராத ரேலிதான் லெட். முடிவு கணக்கில் சேர்ந்தால் அது பாயிண்ட். இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது. எங்களிடம் சர்வீஸ் வலையை உரசி அந்தப் பக்க மேசையில் சரியாக விழுந்தால் லெட். பேட்மிண்டன் மாதிரி இல்லை. ஆக, ஒரே ஹாலில் இரண்டு ஆட்டமும் ஆடுகிறவனுக்குத் தலை சுற்றும்தான்.

சும்மா_ஏஸ் | மதியம் 4:00

ஒரு கேள்வி. ரேலியில் பந்து நெட்டில் உரசிச் சொட்டினால் யாரும் நிறுத்துவதில்லை. கையைத் தூக்கி ஒரு சாரி, அவ்வளவுதான். சர்வீஸில் உரசினால் மட்டும் ஏன் திரும்பப் போட வேண்டும்? சர்வீஸ் லெட்டையே தூக்கி எறிந்தால் இந்த லெட்-நெட் சண்டையே இருக்காது.

நான் சொல்வது புதுசு இல்லை. அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் டென்னிஸின் முதல் பிரிவில் பல வருஷமாக சர்வீஸ் லெட் கிடையாது, உரசி உள்ளே விழுந்தால் ஆடு. அங்கே நடுவர் இல்லாத கோர்ட்டுகளில், எடுக்க முடியாத சர்வீஸ் வந்ததும் "லெட்" என்று கூவி ஏஸைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் திருட்டுக்கு வைத்த முற்றுப்புள்ளி அது. 2013இல் முதல் மூன்று மாதம் ஆண்கள் தொழில்முறை டென்னிஸின் இரண்டாம் நிலையான ஏடிபி சேலஞ்சர் போட்டிகளில் சோதித்தார்கள். 2017இல் மிலானில் இளம் வீரர்களுக்காக நடந்த நெக்ஸ்ட் ஜென் ஃபைனல்ஸிலும் லெட் இல்லாமல் ஆடினார்கள். சின்ன கோர்ட்டில் பிளாஸ்டிக் பந்தால் ஆடும் பிக்கிள்பாலிலும் அமெரிக்க விதிப்படி 2021இலிருந்து லெட் சர்வீஸ் போய்விட்டது. நம் ஊர் வாலிபாலையே எடுங்கள். முன்னெல்லாம் சர்வீஸ் நெட்டைத் தொட்டால் சர்வீஸே போச்சு. இன்று தொட்டுக்கொண்டு விழுந்தால் எதிரணி குட்டிக்கரணம் போட்டு எடுக்கிறது. கிராமத்து மைதானத்தில்கூடப் பழகிவிட்டார்கள்.

ஓரக்கோடு | மாலை 4:35

சோதித்தார்கள் சரி, பெரிய போட்டிகள் எடுத்துக்கொண்டனவா? இல்லையே.

ரேலியில் இருவரும் நகர்ந்துகொண்டிருக்கிறார்கள், ஒருவர் நெட்டருகில்கூட இருக்கலாம். சர்வீஸை எடுப்பவர் பின்கோட்டுக்கும் பின்னால் நிற்கிறார், வேகமான சர்வீஸ் என்றால் இன்னும் பின்னால். உரசிய பந்து நெட்டுக்கு இரண்டடி தள்ளிச் செத்து விழுந்தால் அவர் பறந்து வந்தாலும் எட்டாது. திறமையே இல்லாத ஒரு பாயிண்ட். வாலிபாலில் எடுக்க ஆறு பேர் இருக்கிறார்கள், முன்வரிசையும் இருக்கிறது. ஒப்பிடவே கூடாது.

சும்மா_ஏஸ் | மாலை 4:41

உரசுகிற பந்தில் பாதி உயரமாகத் துள்ளி எடுப்பவருக்கு லட்டு மாதிரியும் வருமே. அப்போது அதிர்ஷ்டம் அவர் பக்கம். பேட்மிண்டன் வாத்தியார் ஆட்டத்தில் அப்படித்தானே ஆடுகிறார்கள், வானம் இடிந்தா விழுந்தது?

ஓரக்கோடு | மாலை 4:50

பேட்மிண்டனில் சர்வீஸை எடுப்பவர் ஷார்ட் சர்வீஸ் கோட்டை ஒட்டி நிற்கிறார், ஓர் எட்டு வைத்துக் கையை நீட்டினால் வலை. தூரம்தான் எல்லாம்.

சரி, திருட்டு என்றீர்களே, அது மட்டும் உண்மை. பழைய மேட்ச் படங்களில் பார்த்திருப்பீர்கள். நெட் கம்பத்தடியில் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பட்டையின் மேல் விரலை வைத்திருப்பார், வீணைத் தந்தியைத் தொட்டுப் பார்ப்பதுபோல. உரசல் விரலில் தெரியும். அப்புறம் அந்த வேலையைக் கருவி எடுத்துக்கொண்டது. நம்மிடம் விரலும் இல்லை, கருவியும் இல்லை. எதிராளி காதுதான் நடுவர்.

தமிழ்ச்சொல்_தேடி | மாலை 5:15

இவ்வளவு பேசியும் தமிழில் என்ன சொல்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. பத்திர எழுத்து ஐயா சொன்னபடி மூலப்பொருள் தடை. ஆகவே "இடறு" என்று வைக்கலாம். காலில் இடறுவதும் அதுதான், காரியத்துக்கு இடைஞ்சல் என்பதும் அதிலேயே வந்துவிடும். மூன்று எழுத்து, கத்தவும் வசதி.

மூணாவது_செட் | மாலை 5:19

பின்கோட்டில் நின்று "இடறு!" என்று கத்தினால் பார்ட்னர் காலைப் பார்ப்பார். எங்கள் தெருவில் இதற்கு எப்போதோ சொல் வைத்தாயிற்று: "ரீ-பால்". பந்து சாக்கடையில் விழுந்தாலும் ரீ-பால், நடுவில் ஸ்கூட்டர் வந்தாலும் ரீ-பால், அவுட் ஆனது பேட் சொந்தக்காரனாக இருந்தாலும் ரீ-பால்.

தமிழ்ச்சொல்_தேடி | மாலை 5:26

கடைசியில் சொன்னதற்குத் தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கிறது: அழுகுணி ஆட்டம்.

சுவரோடு_மோது | மாலை 5:40

எதிராளி வேண்டுமென்றே கெடுத்தால் எங்களிடம் பாயிண்ட் போய்விடும். டென்னிஸில் எப்படி? அதற்கும் லெட்தானா?

ஓரக்கோடு | மாலை 5:58

இல்லை. 26ஆம் விதி. தெரியாமல் இடைஞ்சல் செய்தால் பாயிண்டைத் திரும்ப ஆடு. வேண்டுமென்றே செய்தால் பாயிண்ட் போச்சு. 2011 யுஎஸ் ஓபன் இறுதி ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? செரீனா வில்லியம்ஸ் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டு, எதிரில் சமந்தா ஸ்டோசர் பந்தை எட்டுவதற்கு முன்பே "கம் ஆன்" என்று கத்திவிட்டார். நடுவர் ஈவா அஸ்தராகி பாயிண்டை ஸ்டோசருக்குக் கொடுத்தார். செரீனா எகிறினார், ஒன்றும் நடக்கவில்லை. கோப்பையும் ஸ்டோசருக்கே. அதே சத்தம் பக்கத்து கோர்ட்டிலிருந்து வந்து ஆட்டத்தைக் கெடுத்திருந்தால் அது லெட் கணக்கு.

நெட்மாமா | இரவு 8:05

வணக்கம். பஜ்ஜி சாப்பிட்ட அந்த மாமா நான்தான். பேரன் போனில் காட்டினான். காலையிலிருந்து என்னை வைத்து இத்தனை பேர் பேசியிருக்கிறீர்கள், சந்தோஷம்.

பாலு, நீ சொன்ன கதையில் ஒரு பாதி காணவில்லை. அந்தப் பந்து நீ இரண்டாவது சர்வீஸ் போடும் முன்னாலேயே உள்ளே வந்தது. நான் இடது கையைத் தூக்கினேன். கிழக்கு வெயில் உன் கண்ணில், நீ பார்க்கவில்லை. போட்டுவிட்டாய். சர்வீஸே செல்லாதபோது "ஆட்டம் நடக்கும்போது" என்பது எங்கே வந்தது? இரண்டு சர்வீஸுக்கு நடுவில் வந்த பந்து. எடுத்துப் போட்டுவிட்டு மிச்சம் இருக்கிற ஒன்றைப் போடு. இதுதான் நான் சொன்னது. நாற்பது வருஷமாக ஆடுகிறேன்.

பேக்ஹேண்ட்_பாலு | இரவு 8:11

மாமா! கையைத் தூக்கினவர் எதற்கு ரிட்டர்ன் அடித்தீர்கள்? அதுவும் கிராஸ் கோர்ட்டில், கோட்டை ஒட்டி!

நெட்மாமா | இரவு 8:14

பந்து வந்தால் கை தானாகப் போகிறது. அதற்கு நான் என்ன பண்ண?

ஓரக்கோடு | இரவு 8:40

மாமா சொல்வது உண்மையானால் கணக்கு மாறுகிறது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். நடுவர் இல்லாமல் ஆடுவோருக்காக அமெரிக்க டென்னிஸ் சங்கம் எழுதிவைத்த நடைமுறையில் இது அப்படியே இருக்கிறது. முதல் சர்வீஸுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் பந்து உள்ளே வந்தால், அதை எடுத்துப் போடும் நேரத்துக்காக முதல் சர்வீஸ் திரும்பக் கிடையாது. ரொம்ப நேரம் இழுத்துவிட்டால் மட்டும் கிடைக்கும். இழுத்ததா இல்லையா என்று முடிவு செய்வது சர்வீஸை எடுப்பவர்.

நெட்மாமா | இரவு 8:43

எடுப்பவர் நான்தான்!

ஓரக்கோடு | இரவு 8:47

பொறுங்கள் மாமா, முடிக்கவில்லை. இரண்டாவது சர்வீஸைப் போடும் அசைவு தொடங்கிய பிறகு பந்து உள்ளே வந்து கலைத்தால் இரண்டு சர்வீஸ் உண்டு. அதுவும் அதே நடைமுறையில்தான் இருக்கிறது. ஆகவே கேள்வி ஒன்றே ஒன்று. அந்தப் பந்து வந்தபோது பாலுவின் கையில் இருந்த பந்து கையில் இருந்ததா, காற்றில் இருந்ததா?

பேக்ஹேண்ட்_பாலு | இரவு 8:49

காற்றில்! டாஸ் போட்டாச்சு! அதுவும் நான் பார்த்தது ரேலி நடக்கும்போது!

நெட்மாமா | இரவு 8:52

கையில். தரையில் மூன்றாவது தடவை தட்டிக்கொண்டிருந்தாய். நீ எப்போதும் நாலு தடவை தட்டுவாய், எண்ணி வைத்திருக்கிறேன்.

மூணாவது_செட் | இரவு 8:55

இதற்குத்தான் சொன்னேன், பேசாமல் "ரீ-பால்" என்று விட்டிருக்கலாம்.

பேக்ஹேண்ட்_பாலு | இரவு 9:02

நாலு தடவை தட்டுவதை எண்ணி வைத்திருப்பவரிடம் நான் எப்படி ஜெயிப்பது? மாமா, பஜ்ஜியை விடுங்கள். ஆனால் உரசிய சர்வீஸுக்கு இனிமேலாவது லெட் என்று சொல்லுங்கள். பாஸ்போர்ட்டிலேயே இருக்கிறது.

நெட்மாமா | இரவு 9:10

என்னிடம் பாஸ்போர்ட் இல்லை, நான் எங்கே போகப் போகிறேன். சரி, சண்டை வேண்டாம். வர்ற ஞாயிறு ஆறு மணிக்கு வா. 4-5, 30-40இலிருந்து ஆரம்பிப்போம். நீ முதல் சர்வீஸே போட்டுக்கொள்.

பேக்ஹேண்ட்_பாலு | இரவு 9:11

இரண்டு பந்தும்?

நெட்மாமா | இரவு 9:13

இரண்டும். உரசினால் நான் "நெட்" என்றுதான் சொல்வேன்.